புலித்தோலின் இடது பக்கம்

6

தோட்டத்து வாசல் கேட்டில் அர்ச்சுனனின் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கைது செய்தார்கள்.

அவன் அப்படித்தான் சொன்னான். காவலர் பொட்டலத்தைப் பிரித்தார், மோந்து பார்த்தார், மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைப்பாலத் தோட்டத்துக்குள் வெளிச் சாப்பாடு போகக் கூடாது. அரிசி, உப்பு, கருவாடு, டின் பால் எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கே அளந்துதான் கிடைக்கும். மிஞ்சினால் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வெள்ளைக்கார அரசாங்கம் நினைத்தது. அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அகப்பட்டால், அவசரகாலச் சட்டம் அவனைத் தூக்குக் கயிறு வரை கொண்டுபோகும்.

"வெறும் இட்லி, பாய்," என்றான் அர்ச்சுனன், காரை மறுபடி கிளப்பியபடி. "இட்லி தின்னுட்டு எந்தக் காட்டுக்காரன் சண்டை போடுவான்? படுத்துத் தூங்கிருவான்லா. கவர்மெண்டுக்கு லாபம்தானே?"

நஜிமுதீன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரம்பானில் ஒரு வக்கீலுக்காக உண்மைகளைத் தேடிக் கொடுப்பது அவர் வேலை. அர்ச்சுனன் பக்கத்து ஊரான ராசாவில் வாடகைக் கார் ஓட்டியவன். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தான். கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்னான். அன்றிலிருந்து அவருடன்தான் இருக்கிறான்.

"நாளைக்கு விசாரணை," என்றார் நஜிமுதீன். "இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னா தங்கராஜு திரும்பி வரமாட்டான்."

அர்ச்சுனன் இட்லியை மறந்தான்.

தங்கராஜு புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் மிருகங்களைப் பாடம் செய்பவன். துரைமார் சுட்ட மான் தலை, சிறுத்தை, முதலை எல்லாம் அவன் கையில்தான் மறுபடி கண் திறக்கும். போன மாதம் இந்தத் தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ராமகிருஷ்ணன் ஒரு புலியைச் சுட்டார். துரைக்கு அந்தத் தோல் கிளப் சுவரில் வேண்டும். பாடம் செய்யும் தோலுக்கு நிறைய உப்பு தேவை. போலீஸ் அனுமதியோடு ஒரு மூட்டை உப்பு தங்கராஜுவுக்குக் கொடுத்தார்கள்.

துரை வந்து தோலைத் தொட்டார். முடி அவர் கையோடு வந்தது.

உப்பு போட்டிருந்தால் முடி உதிராது. உதிர்ந்திருப்பதால் உப்பு போடவில்லை. அப்படியானால் உப்பு எங்கே போனது? இதைத் துரையிடம் கேட்டவர் கிராணி. பதிலையும் அவரே சொன்னார். புலி சுட்ட அன்று காலை முதல் முனியாண்டி என்ற ரப்பர்ப் பால்மரத் தொழிலாளியைக் காணவில்லை. அவன் காட்டுக்குப் போய்விட்டான் என்று ஊரே சொன்னது. முனியாண்டியும் தங்கராஜுவும் கூட்டாளிகள். உப்பு கூட்டாளிக்குப் போய்விட்டது.

பாதை தெளிவாக இருந்தது. போலீஸ் அதில் நடந்து வந்து தங்கராஜுவைக் கொண்டுபோனது.

---

தோல் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் விரித்துக் கிடந்தது. கிராணி ராமகிருஷ்ணன் தானே வந்து பூட்டைத் திறந்துவிட்டார். உயரமான மனிதர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கண் மட்டும் தூங்கிப் பல நாளான கண். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் குடை பிடித்து வந்தான். கொட்டகைக்குள் வந்த பிறகுதான் குடையை மடக்கினான்.

"தாராளமாகப் பார்க்கலாம், மிஸ்டர் நஜிமுதீன். மறைக்க எங்களுக்கு ஒன்றும் இல்லை."

"எப்படிச் சுட்டீங்க, ஐயா?"

"ஊர்க்காவல் படைக்கு நான்தான் பொறுப்பு. விடிகாலையில் துப்பாக்கியோடு ஓடைக்கரைப் பக்கம் சுற்றி வந்தேன். புலி பாய்ந்து வந்தது. ஒரே வெடி. விழுந்தது."

"ஒரே வெடி?"

"ஒரே வெடி."

"பயமா இல்லையா?" என்றான் அர்ச்சுனன். "எங்க தெருவுல ஒரு வாத்து பாய்ஞ்சு வந்தாலே நான் மரத்துல ஏறிருவேன்."

கிராணி அவனைப் பார்க்கவில்லை. தோலையும் பார்க்கவில்லை. கொட்டகைக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை என்பதை நஜிமுதீன் கவனித்தார்.

"அந்தத் தங்கராஜு ஒரு நகத்தையும் திருடிவிட்டான்," என்றார் கிராணி. "வலது முன்காலில். பாருங்கள். வேலை இருக்கிறது, வருகிறேன்."

அவர் போனதும் அர்ச்சுனன் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"உப்பு இருக்கான்னு நக்கிப் பாக்கவா, பாய்?"

"பாரு. நாளைக்கு உன்னையும் பாடம் பண்ணி ராசா முக்குல நிறுத்திடலாம். தோல்ல தடவியிருக்கிறது விஷ சோப்பு."

அர்ச்சுனன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தரையைப் பாரு."

தரை சிமெண்ட். தோலின் அடியிலிருந்து கால்வாய் வரைக்கும் ஒரு வெள்ளைத் தடம் காய்ந்து கிடந்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் ஈரம் ஏற ஏற, தோலின் உள்பக்கம் மெல்ல வேர்க்கத் தொடங்கியது. சிறிய சிறிய துளிகள்.

"உப்பு குடிச்ச தோல் மழைக்காத்துல வேர்க்கும். உப்பில்லாத தோல் சும்மா கிடக்கும். மூட்டை உப்பும் இங்கதான் இருக்கு, அர்ச்சுனா. காட்டுக்குப் போகல."

"அலாமாக்! வேலை முடிஞ்சுச்சு. வாங்க, என் இட்லியை ஜாமீன்ல எடுப்போம்."

"முடியல. உப்பு போட்டும் முடி ஏன் உதிர்ந்துச்சுன்னு கேப்பாங்க. பதில் இல்லைன்னா, பாதி உப்பைப் போட்டான், பாதியை வித்தான்னு சொல்வாங்க."

நஜிமுதீன் மண்டியிட்டார். காதைத் தொட்டார். இரண்டு விரலால் முடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உதட்டோரம் இழுத்தார். வரவில்லை. பாதத்தின் இடுக்கிலும் வரவில்லை.

"நல்ல வேலைக்காரன். காதும் உதடும்தான் ரொம்பக் கஷ்டமான இடம். ரெண்டு மடிப்புத் தோல். அதைப் பிரிச்சு உள்ளே உப்பு தேய்க்கணும். சோம்பேறி செஞ்சா முதல்ல உதிர்றது காதுதான். இங்க காது நிக்குது."

"அப்ப எது உதிருது?"

நஜிமுதீன் வயிற்றின் இடது பக்கத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கை நிறைய மஞ்சளும் கறுப்புமாக முடி. இடது விலா, இடது தொடை, இடது கன்னம். எல்லாம் கையோடு வந்தது. வலது பக்கத்தில் ஒரு முடிகூட வரவில்லை.

"பாதிப் புலிக்கு மட்டும் வழுக்கை," என்றான் அர்ச்சுனன். "எங்க மாமாவுக்கு நடு மண்டையில. இதுக்கு ஒரு பக்கமா. இப்படியும் உண்டா, பாய்?"

நஜிமுதீன் கையில் ஒட்டிய முடியை உதறினார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"எங்க வாப்பா சிங்கப்பூர்ல தோல் மண்டி வெச்சிருந்தாரு. நாங்க முடி உதிரணும்னு சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போடுவோம். சில தோல் சுண்ணாம்பு படாமலே உதிரும், ஒரு பக்கம் மட்டும். வாப்பா அதைத் தனியா எடுத்து வைப்பாரு. 'இது அறுத்த மாடு இல்ல, செத்துக் கிடந்த மாடு'ம்பாரு. செத்து விழுந்து கிடந்தா, தரையில அழுந்தின பக்கம் சூடு ஆறாது. அங்கதான் முதல்ல அழுகும். அதுக்கப்புறம் எவ்வளவு உப்பு போட்டாலும் அந்த முடி நிக்காது."

அர்ச்சுனன் தோலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்படின்னா இந்தப் புலி..."

"கிராணி சுட்டப்போ செத்துப் போய் ஒரு நாளாவது ஆகியிருக்கணும்."

தோலில் ஒரே ஒரு வெடிக்காயம் இருந்தது. அதன் ஓரங்களில் ரத்தம் கட்டிய அடையாளமே இல்லை. நஜிமுதீன் அதைக் காட்டிவிட்டு எழுந்தார். வலது முன்காலில் நகம் இல்லாத இடத்தையும் பார்த்தார். வெட்டு வழுவழுப்பாக இருந்தது. மரம் சீவும் உளியால் வெட்டினால் அப்படி இருக்கும்.

---

மங்கம்மா கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தங்கராஜுவின் மனைவி. காலையில் மரம் சீவிவிட்டு வந்தவள், பால் வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை. வக்கீலைப் பார்க்கச் சிரம்பானுக்கு வந்தபோதும் அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

"பாய், நான் ஒண்ணு சொல்லணும். வக்கீலையா கிட்ட சொல்லல."

"சொல்லும்மா."

"நான்தான் எடுத்தேன்." அவள் வாளியின் பிடியை முறுக்கினாள். "ஒரு சிரட்டை உப்பு. மூட்டையில இருந்து. வீட்டுல உப்பே இல்ல. அவரு பாக்காதப்ப எடுத்தேன். அந்த ஒரு சிரட்டை பத்தாமத்தானே முடி கொட்டிருச்சு? எங்கையாலதானே அவரைப் புடிச்சுக் குடுத்தேன்?"

"ஒரு மாசமா இதைத்தான் நினைச்சுட்டு இருக்கியா?"

அவள் தலை அசைந்தது.

"ஒரு சிரட்டை உப்பு குறைஞ்சா, இடது பக்கத்து முடியா பாத்து உதிராதும்மா. காதெல்லாம் அப்படியே நிக்குது. உன் புருசன் வேலையில குறையே இல்ல."

அவள் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டாள், அது வேறு.

"தோலைக் கொண்டு வந்தப்பவே வாடை அடிச்சுச்சு," என்றாள். "அவரு சொன்னாரு, கிராணி ஐயாகிட்ட கேட்டேன், வெயில் அப்படின்னுட்டாருன்னு. விடிகாலையில சுட்ட புலிக்கு ஏது வெயிலு?"

"அந்தப் பக்கம் மாடு, கன்னு ஏதாவது செத்துச்சா?"

"மயிலம்மா வீட்டுக் கன்னுக்குட்டி. புல்லு மருந்து அடிச்ச இடத்துல மேஞ்சு செத்துப்போச்சு. ஓடைக்கரையிலதான் இழுத்துப் போட்டாங்க."

லாலான் என்ற களைப்புல்லைக் கருக்க அடிக்கும் அந்த மருந்து உப்புக் கரிக்கும். மாடு தேடிப் போய் நக்கும். கன்று மருந்தைத் தின்றது, புலி கன்றைத் தின்றது. நஜிமுதீன் இதைச் சொன்னதும் அர்ச்சுனன் வயிற்றைத் தடவினான்.

"என் இட்லியைத் தின்ன போலீஸ்காரருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நீ அன்னைக்குக் காலையில வெடி கேட்டியா, மங்கம்மா?" என்று கேட்டார் நஜிமுதீன்.

"கேட்டேன். காலையில வேலிக் கேட்டைத் திறந்து நாங்க மரத்துக்குப் போன உடனே ஒண்ணு. அப்புறம் ஒண்ணு."

"ரெண்டா?"

"ஆமா. முதல் வெடிக்குப் பயந்துட்டேன். சரி, காவக்காரங்கன்னு சீவ ஆரம்பிச்சேன். ஒரு நிரை மரம் சீவி முடிச்சு அடுத்த நிரைக்குத் திரும்பறப்போ ரெண்டாவது."

"கிராணி ஒரே வெடின்னாரே," என்றான் அர்ச்சுனன். "மத்தது எதிரொலியா?" பிறகு தானே தலையாட்டினான். "எந்த எதிரொலி ஒரு நிரை மரம் சீவி முடியற வரைக்கும் காத்துட்டு இருக்கும்?"

"போலீஸ்ல இதைச் சொன்னியாம்மா?"

"வெடி கேட்டுச்சான்னு கேட்டாங்க. கேட்டுச்சுன்னேன். எத்தனைன்னு யாரும் கேக்கல." அவள் குரல் இன்னும் சிறியதானது. "எல்லாருக்கும்தான் ரெண்டு கேட்டுச்சு. கிராணி ஐயா ஒண்ணுங்கறாரு. நாம எதுக்கு?"

"புலியை உரிச்ச பிறகு உடம்பை என்ன செஞ்சாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! லயத்து வீட்டுச் சனமே ஓடைப் பக்கம் கிண்ணத்தோட ஓடுச்சு, கொழுப்பு வாங்க. மூட்டுவலிக்குப் புலிக் கொழுப்பு மாதிரி வருமா? லுக்குட்ல இருந்து சீன மருந்துக்கடைக்காரன் எலும்புக்கு வந்து நின்னான். ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடைக்கல. தோலை எடுத்துக்கிட்டுப் போன்னு எங்க வீட்டுக்காரரை அனுப்பிட்டு, கிராணி ஐயாவே குழி வெட்டிப் புதைச்சுட்டாராம்."

அர்ச்சுனன் விசிலடிக்க வாயைக் குவித்தான். ஆனால் விசில் வரவில்லை.

"குடை பிடிக்கவே ஆள் வெச்சிருக்கிற மனுசன்," என்றான் மெதுவாக. "மண்வெட்டி பிடிச்சாரா?"

நஜிமுதீன் ஓடைப் பக்கம் திரும்பினார். அவருக்கு அந்தக் குழி தெரிந்துவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது வெடி செத்த புலிக்கு. முதல் வெடியை யார் வாங்கினார் என்பதுதான் மிச்சம். அந்தக் காலையில் தோட்டத்தில் காணாமல் போனவன் ஒருவன்தான்.

"நீ காரை எடு," என்றார். "லுக்குட் ஸ்டேஷனுக்குப் போ. இன்ஸ்பெக்டர் ஓத்மானைக் கூட்டிட்டு வா. உண்மை இருக்கிற இடம் தெரியும்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே."

"வேற ஒண்ணும் பேசாமலா? அதுக்கு வேற ஆள் பாக்கணும்."

ஆனால் அவன் ஓடித்தான் போனான்.

---

முனியாண்டியின் வீடு மங்கம்மா வீட்டுக்கு அடுத்த கதவு. மங்கம்மா வாசலோடு நின்றுவிட்டாள்.

"நான் இவகூடப் பேசறதில்ல பாய். காட்டுக்காரன் பொண்டாட்டின்னு யாரும் பேசறதில்ல."

முனியாண்டியின் மனைவி முத்தாயி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தை. அந்நியரைப் பார்த்ததும் அவள் ஒரு துணியை இழுத்து மூலையில் எதையோ மூடினாள். நஜிமுதீன் அதற்குள் பார்த்துவிட்டார். பால் டின்.

கடையில் டின் விற்றால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் காடு போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். அதற்காக வந்த சட்டம். முத்தாயி மூடிய டின்னில் ஓட்டை இல்லை.

"நான் வாங்கல," என்றாள் அவசரமாக. "சத்தியமா வாங்கல. கதவு முன்னாடி இருக்கு. காலையில எந்திரிச்சா இருக்கு. யாரு வெக்கறாங்கன்னு தெரியாது. திருப்பிக் குடுக்க பயம். தூக்கிப் போட மனசு வரல, புள்ள பசியில கத்துது."

"ஓட்டை போடாத டின் எங்க இருக்கும்மா?"

"ஸ்டோர்ல."

"சாவி?"

அவள் கண் கிராணியின் ஆபீஸ் பக்கம் போனது. கிராணியிடம்தான் சாவி இருப்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் காட்டுக்காரன் பொண்டாட்டி என்று கூப்பிட்டவரும் அந்தக் கிராணிதான்.

"முனியாண்டி எப்போ வீட்டை விட்டுப் போனாரு?"

"பிரட்டுக்குப் போனான். திரும்பி வரல. போலீசுல சொல்லிட்டேன்."

"அதுக்கு முன்னாடியே போனாரு இல்லையா?"

தூளி ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே மழை விழத் தொடங்கியது. முத்தாயி தூளியை விடாமலே பேசினாள். அவள் குரலில் கோபம் இருந்தது. பழகிப்போன கோபம்.

"வேலிக் கேட்டைத் திறக்கறதுக்கு முந்தியே போயிட்டான். வேலியில ஓட்டை இருக்கு. புள்ள தூக்கத்துல வீல்னு கத்தும் பாய். புலி நகம் கட்டுனா நிக்கும்னாங்க. நான்தான் நச்சரிச்சேன். அந்தாளு சொன்னான், ஓடைக்கரையில புலி ஒண்ணு செத்துக் கிடக்கு, நான் பாத்தேன், விடியறதுக்குள்ள போனா ஒரு நகம் எடுத்துட்டு வந்துருவேன், அப்புறம் ஆளாளுக்குப் பிச்சுக்குவாங்கன்னு. சொல்லிட்டுப் போனான். கொஞ்ச நேரத்துல ஊரே கத்துது, கிராணி ஐயா புலியைச் சுட்டுட்டாருன்னு. உயிரோட பாய்ஞ்சு வந்த புலியாம்! அப்ப செத்த புலி ஏது? எல்லாம் பொய். காட்டுக்கு ஓடறதுக்கு எங்கிட்ட ஒரு கதை. அதுவும் புள்ள பேரைச் சொல்லி."

அவள் தூளியைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினாள்.

"மண்ணை வாரித் தூத்தினேன் பாய். நாசமாப் போன்னு தூத்தினேன்."

நஜிமுதீன் கதவுப் பக்கம் திரும்பினார். மங்கம்மா அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவர் வாயைத் திறந்தால் அவள் கணவன் வீட்டுக்கு வருவான். திறக்காவிட்டால் இவள் கணவன் எங்கேயோ ஒரு காட்டில் உயிரோடு இருப்பான், இவள் வைதுகொண்டே இருக்கலாம். இப்படி ஒரு தராசைப் பிடிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"அவர் பொய் சொல்லலம்மா," என்றார்.

தூளி நின்றது.

"புலி முந்தின நாளே செத்துடுச்சு. தோல் சொல்லுது. அதுல ஒரு நகம் இல்ல. உளியால அறுத்திருக்கு. அவர் ஓடைக்கரைக்குத்தான் போயிருக்காரு. நீ கேட்டதைத்தான் எடுத்திருக்காரு."

"அப்ப ஏன் வரல?"

மங்கம்மாவுக்கு முதலில் புரிந்தது. அவள் பால் வாளி சிமெண்டில் விழுந்த சத்தம் கேட்டது. முத்தாயி அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். மங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் புரிந்தது.

அவள் அழவில்லை. தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானே நகம் கேட்டேன்," என்றாள்.

நஜிமுதீன் விழுந்து கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க இன்னைக்கு வராம இருந்திருந்தா, அவரு இன்னும் காட்டுலயே இருந்திருப்பாரு. இல்ல, பாய்?"

"ஆமாம்மா."

"நல்லா இருந்திருப்பாரு."

"ஆமா."

மழை தகரத்தில் பலமாக இறங்கியது. நஜிமுதீன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வருவார். தோல் மட்டும் போதாது. முனியாண்டி எங்கே போகிறேன் என்று சொன்னான், எப்போது போனான் என்று முத்தாயி சொல்ல வேண்டும். முன்பு போலீஸில் பொய் சொன்னதாக அவள் மேலேயே வழக்கு வரலாம். அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. தங்கராஜுவின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாதது தந்திரம் என்று அவருக்கே தோன்றியது, அதற்கும் வெட்கப்பட்டார்.

வாசலில் மங்கம்மா வாயைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டாள்.

முத்தாயி குனிந்து குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்தாள்.

"ஒருத்தராச்சும் வீடு வரட்டும்," என்றாள்.

---

இன்ஸ்பெக்டர் ஓத்மான் பொறுமையான மனிதர். மழைக்கோட்டோடு ஓடைக்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அர்ச்சுனன் மலாயில் விளக்கினான். இடது பக்கம், வலது பக்கம், காது, உப்பு.

"புலிக்கு முடி உதிர்ந்ததற்கு நான் ஒரு பெரிய கிராணியைச் சந்தேகப்பட வேண்டுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம் துவான்," என்றான் அர்ச்சுனன். "குழி வெட்டினதுக்குச் சந்தேகப்படுங்க."

இன்ஸ்பெக்டர் முத்தாயியைப் பார்த்தார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் நின்றே, கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொன்னாள். எப்போது போனார், எந்த வழியாகப் போனார், எதற்குப் போனார். தான் முன்பு சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். "அவரு", "அவரு" என்றே சொன்னாள்.

கிராணி ராமகிருஷ்ணன் ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்தார். குடைக்காரன் பின்னால் ஓடி வந்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

"இது அழுகிய மிருகம், இன்ஸ்பெக்டர். தோண்டினால் தோட்டத்துக்கே நோய் வரும். துரையின் அனுமதி வேண்டும்."

"துரையிடம் நான் பேசிக்கொள்கிறேன்," என்றார் ஓத்மான். பிறகு மண்வெட்டியோடு நின்ற இரண்டு பேரைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் மண்வெட்டி உயர்ந்தது. ஈர மண்ணில் இறங்கியது. மறுபடி உயர்ந்தது.

"மெதுவா வெட்டுங்க," என்றார் கிராணி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"தலை அந்தப் பக்கம் இருக்கு."

மண்வெட்டி பிடித்தவன் அதை அப்படியே கீழே வைத்தான். கிராணி யாரையும் பார்க்காமல், குழியைப் பார்த்துப் பேசினார். இதுவரை அச்சடித்தது போலப் பேசியவர், இப்போது சாதாரணமாகப் பேசினார்.

"குனிஞ்சு இருந்தான். கையில கத்தி மாதிரி ஏதோ இருந்துச்சு. காட்டுக்காரன்னு நெனைச்சேன். கிட்டப் போய்த் திருப்பினா முனியாண்டி. பக்கத்துல புலி. செத்த புலி. அவனைப் புதர்ல மறைச்சுட்டு இதைச் சுட்டேன், முதல் வெடியைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்கன்னு தோணுச்சு."

"அன்றைக்கே சொல்லியிருந்தால் அது விபத்து," என்றார் இன்ஸ்பெக்டர், அர்ச்சுனன் மலாயில் சொல்லி முடித்ததும்.

அர்ச்சுனன் அதைக் கிராணிக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினான். கிராணி கையைத் தூக்கித் தடுத்தார்.

"புரியுது. அப்புறம் மனசு கேக்காம அன்னைக்கே வந்துட்டுத்தான் இருந்தேன், சொல்றதுக்கு. வழியில துரை கைகுடுத்தாரு. எல்லாரும் கைதட்டினாங்க." அவர் நிறுத்தினார். "தோல் உதிர்ந்தப்ப ஏன்னு கேட்டாரு. வாயில தங்கராஜு பேருதான் வந்துச்சு. அவனை இழுத்துட்டுப் போனப்பவும் வாயைத் திறந்திருக்கலாம்."

முத்தாயி அவரைத் திட்டுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் குழந்தையின் தலையில் மழை படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"பால் டின்னு இனிமே வெக்காதீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒரு காவலர் கிராணியை ஜீப்புக்குக் கூட்டிப் போனார். குடைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச தூரம் குடையைப் பிடித்துக்கொண்டே கூடப் போனான். பிறகு நின்றுவிட்டான்.

ஆட்கள் மண்வெட்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் மண்ணை அள்ளினார்கள். நஜிமுதீன் அங்கே நிற்க விரும்பவில்லை. போகவும் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அவரிடம் வந்து, நாளை காலை விசாரணை இருக்காது, தங்கராஜுவை வெளியே விட இன்றே சொல்லிவிடுவதாகச் சொன்னார். முத்தாயி மேல் வழக்குப் போடும் எண்ணம் தனக்கு இல்லை என்றார். போலீஸ் லாரி காலையில் தங்கராஜுவைக் கொண்டுவந்து லயத்து வாசலிலேயே இறக்கிவிடும்.

மங்கம்மா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். நஜிமுதீன் அவளிடம் போய்ச் சொன்னார். ஒரு மாதமாக எதிர்பார்த்த சொல். அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ எழுந்தது. அதை அவசரமாக அடக்கிக்கொண்டாள். பக்கத்தில், குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல் முத்தாயி உட்கார்ந்திருந்தாள். மங்கம்மா தன் முக்காட்டுத் துணியை அவிழ்த்து அவள் மேல் போர்த்தினாள். முத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை.

மங்கம்மா நஜிமுதீனிடம் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாய், அந்த இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டச் சொல்லுங்க. லாரி லயம் வரைக்கும் வர வேணாம். இவ வீட்டைத் தாண்டித்தான் வரணும். கேட்டுலயே இறக்கி விட்டுறட்டும். அவரு சத்தம் போடாம நடந்து வரட்டும்."